ஒரு மருந்துக்கு அடங்காத கிருமி

கையில் வந்த புண் ஆறினால் தழும்பு நிற்கும், புண் போய்விடும். வயிற்றில் வந்த புண்ணின் சங்கதியே வேறு. பத்தியம் இருந்தால் ஆறும். மருந்து சாப்பிட்டால் ஆறும். மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் திரும்பி வந்து நிற்கும். நடு இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, ஒரு வாய் பால் குடித்தால்தான் சற்று அடங்கும் அந்த வலியை அநுபவித்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயுள் முழுவதும் கூடவே வரும் உபாதை என்று அதை ஏற்றுக்கொண்டு வாழ்ந்தவர்கள் உலகெங்கும் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

இன்று அதே நோய்க்குப் பதினான்கு நாள் வைத்தியம். கிருமி ஒழிந்தால் பெரும்பாலோருக்குப் புண் திரும்பி வருவதில்லை. ஆனால் இந்த வைத்தியத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு மருந்து போதாது, இரண்டும் போதாது. மூன்று வேண்டும், இப்போது பல இடங்களில் நான்கு வேண்டியிருக்கிறது. ஒரு சின்னஞ்சிறு கிருமியை ஒழிக்க இத்தனை மருந்துகள் ஒன்றுசேர வேண்டுமா? வேண்டும் என்று கண்டறிந்த கதை சுவாரசியமானது. அந்தக் கதை இன்னும் முடியவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

பாலும் கத்தியும்

வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் அமிலமே என்பது வைத்திய உலகில் வெகு காலம் வேதவாக்காக இருந்தது. ஸாக்ரெப் நகர சர்ஜன் ஷ்வார்ஸ் 1910ல் சொன்னார்: அமிலம் சுரக்காத வயிற்றில் புண் வராது. அது ஓரளவு உண்மையும்கூட. ஆகவே அமிலத்தை அடக்குவதே வைத்தியமாயிற்று. சிகாகோவில் டாக்டர் சிப்பி 1915ல் ஒரு பத்தியம் வகுத்தார். மணிக்கு ஒரு முறை பாலும் பாலேடும்; இடையிடையே காரப் பொடிகள். அந்தப் பத்தியம் பல பத்தாண்டுகள் உலகை ஆண்டது. அதற்கும் கேட்காதவர்களுக்குக் கத்தி. இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். 1943 முதல், அமிலத்தைத் தூண்டும் நரம்பை அறுத்துவிடும் முறையை டிராக்ஸ்டெட் என்ற அமெரிக்க சர்ஜன் பிரபலப்படுத்தினார்.

கூடவே இன்னொரு நம்பிக்கையும் பரவிற்று. கவலை, அவசரம், கோபம் இவைதாம் வயிற்றைப் புண்ணாக்குகின்றன என்றார்கள். அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை உள்ளவர்களுக்கே வரும் கௌரவமான வியாதி என்று ஒரு பெயரும் அதற்கு ஏற்பட்டது. வலியோடு வந்தவனிடம், "மனசை அமைதியாக வைத்துக்கொள்" என்று சொல்லி அனுப்புவது டாக்டருக்கும் சுலபமாக இருந்தது.

1976ல் பிரிட்டனில் சிமெடிடின் என்ற மாத்திரை கடைக்கு வந்தது. அமிலம் சுரப்பதையே குறைக்கும் மருந்து அது. அதை உருவாக்கிய ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் பிளாக் 1988ல் நோபல் பரிசு பெற்றார். கத்திக்குத் தப்பியவர்கள் எண்ணற்றோர். ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் விற்ற மருந்து என்ற பெருமையும் அதற்குக் கிடைத்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்பி வந்தது. வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரை நோயாளிக்குச் செலவு, விற்பவருக்கு வரவு. இந்த ஏற்பாட்டில் குறை காண அவசரப்பட்டவர்கள் அதிகம் இல்லை.

கிரீஸ் தேசத்தில் மிசலோங்கி என்று ஓர் ஊர். ஆங்கிலக் கவி பைரன் உயிர் நீத்த ஊர். அங்கே லிகூடிஸ் என்ற டாக்டர் 1958ல் தமக்கு வந்த வயிற்று உபாதைக்குக் கிருமிநாசினி மருந்துகளைச் சாப்பிட்டார்; குணம் கண்டது. பிறகு தம்மிடம் வந்த வயிற்றுப் புண் நோயாளிகளுக்கெல்லாம் அதையே கொடுத்தார். கூட்டம் அலைமோதிற்று. கட்டுரைகள் எழுதி அனுப்பினார், பிரசுரிப்பார் இல்லை. அங்கீகாரமற்ற வைத்தியம் செய்தார் என்று 1968ல் அவருக்கு 4,000 டிராக்மா அபராதம் விதித்தார்கள். 1980ல் அவர் காலமானார். அவர் நினைத்தது ஏறக்குறைய சரி என்று உலகம் ஒப்புக்கொள்ளத் தொடங்கியபோது அவர் இல்லை.

பெர்த் நகரின் இருவர்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரம். அங்குள்ள ராயல் பெர்த் ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்பவர் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய் நிர்ணயம் செய்யும் நிபுணர். 1979 ஜூன் மாதம், ஒரு நோயாளியின் இரைப்பையிலிருந்து எடுத்த துணுக்கின் மேற்பரப்பில் நீல நிறக் கோடு ஒன்றைக் கண்டார். பெரிதாக்கிப் பார்த்தபோது வளைந்த கிருமிகள் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அன்று அவருக்கு நாற்பத்திரண்டாவது பிறந்த நாள்.

வயிற்றில் கிருமி வாழாது, அமிலம் கொன்றுவிடும் என்றுதான் எல்லாரும் படித்திருந்தார்கள். வாரனுடைய சகாக்கள் சிரித்தார்கள். அவரோ இரண்டு வருஷம் சலிக்காமல் துணுக்குகளைச் சேர்த்து வைத்தார். 1981ல் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர், பயிற்சிக்காக ஓர் ஆராய்ச்சி விஷயம் தேடி அவரிடம் வந்து சேர்ந்தார். ஒருவர் கூச்ச சுபாவம், மற்றவர் வாய்த் துடுக்கு. ஜோடி நன்றாகப் பொருந்திற்று.

அந்த வருஷமே ஒரு வயோதிக நோயாளி வயிற்று வலியோடு வந்தார். ஆபரேஷனுக்கு லாயக்கில்லாத உடம்பு. அவருடைய வயிற்றில் இந்தக் கிருமி இருந்தது. மார்ஷல் டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து மனிதர் உற்சாகமாக நடந்து வந்தார். ஒரு நோயாளி குணமானதை வைத்து வைத்திய சாஸ்திரத்தில் எதையும் நிலைநாட்ட முடியாது. ஆனால் மார்ஷலுக்கு அது போதுமான தூண்டுதலாக இருந்தது.

நூறு நோயாளிகளிடமிருந்து துணுக்குகள் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளின் துணுக்குகளை வைத்தாயிற்று; ஒன்றும் முளைக்கவில்லை. காரணம் பின்னால் தெரிந்தது. இரண்டு நாளில் எதுவும் வளராத தட்டுகளைத் தூக்கி எறிந்துவிடுவது பரிசோதனைச் சாலை வழக்கம். 1982 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை வந்தது. ஆஸ்பத்திரியில் வேறு வேலை நெருக்கடியும் இருந்ததால், தட்டுகளை ஐந்து நாள் யாரும் தொடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கிருமி கண்ணாடித் துளிகள் போல வளர்ந்து கிடந்தது! அதற்கு இரண்டு நாள் போதவில்லை, அவ்வளவுதான்.

சிறுகுடல் முகப்பில் புண் உள்ளவர்கள் அந்த நூறு பேரில் பதின்மூன்று பேர். பதின்மூன்று பேரிடமும் கிருமி இருந்தது. அடுத்த ஆண்டு மார்ஷல் தம் முடிவுகளை ஆஸ்திரேலிய ஜீரண உறுப்பு நிபுணர்களின் மகாநாட்டுக்கு அனுப்பினார். வந்த 67 கட்டுரைகளில் 56 ஏற்கப்பட்டன. மார்ஷலுடையது மிஞ்சிய பதினொன்றில் ஒன்று.

பன்றிக் குட்டிகளுக்குக் கிருமியைப் புகட்டிப் பார்த்தார், அவை நோய்வாய்ப்படவில்லை. வேறு யாரிடம் சோதிப்பது? 1984ல் ஒரு நாள், நோயாளியின் வயிற்றிலிருந்து எடுத்து வளர்த்த கிருமிகளை ஒரு திரவத்தில் கலந்து தாமே குடித்துவிட்டார். மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பாளா? சில நாட்களில் வயிறு கனத்தது, பசி போயிற்று, விடியற்காலையில் வாந்தி. வாயில் துர்நாற்றம் என்று வீட்டில் சொன்னார்கள். பத்து நாள் வாக்கில் குழாய் விட்டுப் பார்த்தபோது, ஆரோக்கியமாக இருந்த வயிறு வெந்து சிவந்து கிடந்தது. அதில் கிருமி இருந்தது. மனைவி வற்புறுத்தவே டினிடசோல் சாப்பிட்டுக் குணமடைந்தார். ஆனால் அவருக்கு வந்தது இரைப்பை அழற்சிதான்; புண் அல்ல. பத்திரிகைகள் இதை மறந்துவிட்டு எழுதுவது உண்டு. புண்ணுக்கும் கிருமிக்கும் உள்ள உறவை நிரூபித்தது இந்தத் துணிச்சல் அல்ல. நிதானமாக நடந்த இன்னொரு சோதனை.

நூறு பேர் சொன்ன சாட்சி

பிஸ்மத் என்பது வயிற்றுக் கோளாறுக்கு இருநூறு வருஷத்துக்கு மேலாகப் புழங்கிய உலோக உப்பு. அதைச் சாப்பிட்டு ஆறிய புண், சிமெடிடினால் ஆறிய புண்ணைவிடச் சற்றுத் தாமதமாகவே திரும்பி வருகிறது என்று டாக்டர்கள் கவனித்திருந்தார்கள். ஏன் என்று தெரியாது. மார்ஷல் கிருமி வளரும் தட்டில் பிஸ்மத்தை வைத்துப் பார்த்தார். அதைச் சுற்றிக் கிருமி வளரவில்லை. ஆக, பழைய மருந்து தெரியாமலே கிருமியைத் தாக்கிவந்திருக்கிறது. ஆனால் பிஸ்மத் மட்டும் கொடுத்தால் கிருமி பதுங்கி மறுபடி தலைதூக்கியது. டினிடசோல் மட்டும் கொடுத்தால் அதை எதிர்த்து நிற்கும் கிருமிகள் மிஞ்சின. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது.

சிறுகுடல் புண் உள்ள நூறு பேரைக் கொண்டு நடந்த அந்தச் சோதனையின் முடிவு 1988ல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது. சிலருக்கு பிஸ்மத், சிலருக்கு சிமெடிடின். அதோடு டினிடசோல் அல்லது வெற்று மாத்திரை. கிருமி ஒழிந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்குப் புண் ஆறியது. கிருமி தங்கியவர்களில் 61 பேருக்கே ஆறியது. இது பெரிதல்ல. ஒரு வருஷத்துக்குள் புண் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. கிருமி தங்கியவர்களில் நூற்றுக்கு 84 பேர்; கிருமி ஒழிந்தவர்களில் 21 பேர். பாலும் கத்தியும் மாத்திரையும் எழுபது வருஷமாகச் செய்ய முடியாததைச் சில வாரங்களில் செய்துவிடலாம் என்று இந்த எண்கள் சொல்லின.

அதே சமயத்தில் சிட்னியில் தாமஸ் போரடி என்ற டாக்டர் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து இன்னும் நல்ல பலன் கண்டார். மும்மருந்து வைத்தியம் பிறந்தது. கிருமிக்கு 1989ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நிரந்தரப் பெயர் கிடைத்தது. 1994ல் அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிலையம் கூட்டிய நிபுணர் சபை, இந்தக் கிருமியுள்ள புண் நோயாளிகளுக்குக் கிருமிநாசினி கொடுத்தே ஆகவேண்டும் என்றது. அதே வருஷம் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் வைத்தது. வாரனும் மார்ஷலும் 2005ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். வாரன் 2024ல் தமது 87வது வயதில் பெர்த் நகரில் காலமானார்.

ஏன் ஒன்று போதாது?

இனி அந்த முக்கியமான கேள்விக்கு வருவோம். தொண்டைப் புண்ணுக்கு ஒரே மருந்து போதுமே, இதற்கு மட்டும் ஏன் பட்டாளம்?

கிருமி இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரித்துவிடாமல் ஒரு கோழைப் படலம் காக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு நீளமே உள்ள இந்தக் கிருமி, வால் போன்ற இழைகளைச் சுழற்றித் துளைத்துக்கொண்டு அந்தப் படலத்துக்குள் போய்விடுகிறது. போகும் வழியில் அமிலம் சுட்டுவிடாதா? அதற்கும் உபாயம் வைத்திருக்கிறது. வயிற்றில் உள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொள்கிறது. இப்படி ஒளிந்திருக்கும் கிருமியை இரத்தத்தின் வழியே வரும் மருந்தும் முழு பலத்தோடு எட்டாது. விழுங்கிய மருந்தும் எட்டாது. போதாக்குறைக்கு, அமிலத்தில் சில மருந்துகள் சிதைந்தும் போகின்றன.

அமிலத்தை அடக்கும் ஒமிப்ரஸோல் போன்ற மருந்து இங்கேதான் பட்டாளத்தில் சேருகிறது. அது செய்யும் உதவி இரண்டு. மற்ற மருந்துகளை அமிலத்திலிருந்து காக்கிறது. இன்னொன்று நுட்பமானது. அமாக்ஸிஸிலின் என்னும் மருந்து, கிருமி பெருகும்போது புதிதாக எழுப்பும் சுவரைத்தான் கட்டவிடாமல் தடுக்கும். கிருமியோ கடும் அமிலத்தில் பெருகாமல் சும்மா கிடக்கிறது. வீடே கட்டாதவனுடைய கொத்தனாரைத் தடுத்து வைத்து என்ன பிரயோஜனம்? அமிலம் தணிந்ததும் கிருமி பெருக ஆரம்பிக்கிறது. மருந்தின் கையில் அகப்படுகிறது.

பிறகு கணக்கு. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு, ஒரு மருந்தைத் தாங்கும் மாறுதலோடு பிறந்தே இருக்கும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும். இது மட்டும் பிழைத்து வம்சத்தைப் பெருக்கும். பேச்சுக்கு, ஒரு கோடியில் ஒன்று முதல் மருந்தைத் தாங்கும், ஒரு கோடியில் ஒன்று இரண்டாவதைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் சேர்த்துத் தாங்கும் கிருமிக்குக் கோடியைக் கோடியால் பெருக்கிய எண்ணிக்கையில் தேட வேண்டும். காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும் இந்தக் கணக்கினால்தான். சென்னையில் 1956ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், இரண்டு மருந்துகளைச் சேர்த்து வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்ட அளவு குணம் கிடைக்கும் என்று உலகுக்குக் காட்டியது. அங்கே மார்பில் வென்ற யுக்தி இங்கே வயிற்றில்.

1990களில் கிளாரித்ரோமைசின் என்ற மருந்து வந்தது. அதோடு அமாக்ஸிஸிலினும் ஒமிப்ரஸோலும் சேர்ந்து ஒரு வாரம், காலையும் மாலையும். சாப்பிடச் சுலபம், பலனும் பிரமாதம். உலகெங்கும் அதுவே வழக்கமாயிற்று. சுலபமான மருந்து என்பதே அதற்கு எமனாகவும் ஆயிற்று. கிளாரித்ரோமைசினும், அதன் இனத்தைச் சேர்ந்த எரித்ரோமைசின், அசித்ரோமைசினும் இருமலுக்கும் சளிக்கும் தாராளமாக வழங்கப்பட்டன. வயிற்றில் கிருமி குடியிருப்பது தெரியாமலே இருமலுக்கு ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டவர் எத்தனை பேர்! அந்த ஐந்து நாளும் வயிற்றுக் கிருமிக்குப் பயிற்சிப் பள்ளி. அதன் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், கிளாரித்ரோமைசின் ஒட்ட இடமில்லாமல் போகும். சீதபேதிக்கு மெட்ரோனிடசோலைக் கேட்காமலே வாங்கி விழுங்கும் இந்தியா போன்ற தேசங்களில் அந்த மருந்துக்கு அசையாத கிருமிகள் ஏராளம். உலக சுகாதார ஸ்தாபனம் 2017ல், புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத பைலோரியையும் சேர்த்தது.

ஆகவே காலச்சக்கரம் திரும்பியிருக்கிறது. கிளாரித்ரோமைசினை நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட கிருமிகள் எதிர்க்கும் இடங்களில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய நிபுணர்கள் 2022ல் சொன்னார்கள். அமெரிக்க நிபுணர்களின் 2024ஆம் வருஷத்து வழிகாட்டி, முதல் வைத்தியமாகவே பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலம் அடக்கும் மருந்து என்ற நான்கையும் பதினான்கு நாள் சிபாரிசு செய்கிறது. சிட்னி டாக்டரின் பழைய மும்மருந்தோடு ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவே. பிஸ்மத்துக்கு இந்தக் கிருமி பழக்கப்படுவதில்லை. டெட்ராசைக்ளினுக்கும் அமாக்ஸிஸிலினுக்கும் பழக்கப்படுவது அபூர்வம். மெட்ரோனிடசோலுக்குப் பழகிய கிருமியைக்கூட, அளவைக் கூட்டி, பிஸ்மத்தையும் சேர்த்து ஓரளவு வெல்ல முடிகிறது. ஜப்பானில் 2015ல் விற்பனைக்கு வந்த வோனோபிரசான் என்ற மருந்து அமிலத்தை இன்னும் பலமாக அடக்குகிறது. அமெரிக்காவிலும் 2022ல் இந்த வைத்தியத்துக்கு அநுமதி பெற்றது.

பதினான்கு நாள் விரதம்

நான்கு மருந்து என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு மாத்திரைகள்கூட ஆகலாம். வாயில் செப்புக்காசைச் சப்பியது போல ஒரு ருசி. மலமும் நாக்கும் கறுக்கும்; அது பிஸ்மத்தின் சாயம், பயப்பட வேண்டியதில்லை. குமட்டலும் உண்டு. மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் மதுவைத் தொடவே கூடாது. நான்காம் நாள் வலி நின்றுவிடும். ஐந்தாம் நாள் மனிதர் மாத்திரையை நிறுத்திவிடுவார். விபரீதம் அங்கேதான் ஆரம்பமாகிறது. பாதியில் விட்டவரின் வயிற்றில் மிஞ்சுவது, அந்த மருந்துகளின் ருசி கண்ட கிருமி. முதல் முறை வாய்ப்பு நன்றாக இருக்கும். ஒவ்வொரு முறை தவறும்போதும் மிச்சமுள்ள மருந்துகள் குறைகின்றன. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அமாக்ஸிஸிலினும் ஆகாது. கையிருப்பு இன்னும் சுருங்கும்.

கிருமி ஒழிந்ததா என்பதை வலி நின்றதை வைத்துச் சொல்ல முடியாது. சோதித்தே அறிய வேண்டும். சோதனை எளிது. சாதாரணக் கரியைவிடச் சற்றுக் கனமான கரி அணு சேர்ந்த யூரியாவைக் கரைத்துக் குடித்து, சிறிது நேரம் கழித்து ஒரு பையில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் யூரியாவைச் சிதைக்கும். அந்தக் கனமான கரி மூச்சில் வந்து காட்டிக்கொடுக்கும். மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்தே இதைச் செய்ய வேண்டும். அமிலம் அடக்கும் மாத்திரையையும் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரை மயக்கத்தில் கிடக்கும் கிருமி அகப்படாமல் தப்பிவிடும்.

வயிறு எரிகிற எல்லாருக்கும் இந்த வைத்தியம் என்று நினைத்துவிடக்கூடாது. உலக ஜனத்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இந்தக் கிருமி இருக்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டாரிடமிருந்து ஒட்டிக்கொள்கிறது. அவர்களில் புண் வருவது பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் சாப்பிடும் ஆஸ்பிரின் முதலிய மாத்திரைகளாலும் புண் வரும். சோதித்துக் கிருமி இருப்பது தெரிந்த பிறகே மருந்து.

இதன் பலன் புண்ணோடு நிற்பதாகவும் தெரியவில்லை. சீனக் கரையை ஒட்டி தைவானுக்குச் சொந்தமான மத்ஸு என்ற சிறு தீவுக் கூட்டம் இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் அங்கே மிகுதி. 2004 முதல் தீவுவாசிகளையெல்லாம் மூச்சுச் சோதனை செய்து, கிருமி உள்ளவர்களுக்கு மருந்து கொடுத்துவந்தார்கள். தொடங்கியபோது நூற்றுக்கு 64 பேரிடம் இருந்த கிருமி, 2018 வாக்கில் 15 பேராகக் குறைந்தது. இரைப்பைப் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. ஒரு முறை ஒழிந்தவர்களுக்குக் கிருமி மறுபடி தொற்றியது வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

தடுப்பூசி எதுவும் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. இரண்டு மூன்று வைத்தியத்துக்கும் அடங்காத நோயாளி வந்தால், அவருடைய கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்த்துக் கொடுப்பது நல்ல வழி. ஆனால் 1982ல் போலவே இன்றும் அது மெதுவாகத்தான் வளர்கிறது. எல்லா ஊரிலும் அதற்கு வசதி இல்லை. அதனால் கிருமியை வளர்க்காமலே, வயிற்றுத் துணுக்கிலோ மலத்திலோ அதன் மரபணுவைப் படித்து, கிளாரித்ரோமைசினுக்கு மாறிய அந்த ஓர் எழுத்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் பழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. எழுத்து மாறாதிருந்தால் பழைய சுலபமான மும்மருந்தே போதும். மாறியிருந்தால் நான்கு மருந்து, பதினான்கு நாள்.